எலுமிச்சைப் புல்லுக்கு வந்தவர்

கேட்டைத் தள்ளிட்டு உள்ள வாங்க தம்பி. நாயைக் கட்டித்தான் போட்டிருக்குது, கொலைக்குமே தவிர ஒண்ணும் பண்ணாது. புல்லுக்குத்தானுங்களே வந்திருக்கீங்க? தெரியுது, தெரியுது. இந்த ஊட்டுக்கு வேற எதுக்கு ஒருத்தர் வரப்போறாங்க. பஸ்ஸை வுட்டு எறங்குனதுமே வாசம் அடிச்சிருக்கும். வழி கேக்கற வேலையே இருந்திருக்காதே.

அந்தச் சேர்ல வேண்டாமுங்க, கால் ஆடும். இதுல உக்காருங்க. தண்ணி குடிக்கறீங்களா? சும்மா தண்ணிதானுங்க, பயப்படாதீங்க.

ஆருக்குங்க ஒடம்பு சரியில்ல?

ஊட்டுக்காரம்மாவுக்கா. ம். கர்ப்பப்பையிலயா. ஆப்ரேஷன் பண்ணி, ரேடியேஷன் கரண்டு வச்சு, எல்லாம் பண்ணியாச்சா. டாக்டர் இப்ப என்னங்க சொல்றாரு? வீட்டுக்குக் கூட்டிட்டுப் போங்கன்னுட்டாரா. அதேதானுங்க. எங்களுக்கும் அதையேதான் சொன்னாங்க. "வீட்டுக்குக் கூட்டிட்டுப் போயி, பக்கத்துல இருந்து பாத்துக்குங்க." அவ்வளவு படிச்ச டாக்டருக்கு அதைச் சொல்லத்தான் தெரிஞ்சுது. மருந்து சொல்லத் தெரியலை. நீங்க மனசை வுட்டறாதீங்க தம்பி. இப்ப அவங்க கூட ஆரு இருக்கறாங்க? பக்கத்து ஊட்டு அம்மாவா. பரவால்லீங்க. நீங்க வந்தது நல்லதுக்குத்தான். பக்கத்துல உக்காந்து மூஞ்சியவே பாத்துட்டு இருந்தாச் சீக்குப் போயிருமா? ஒரு வேலை நடக்கோணுமில்லீங்க.

வாங்க, அறுத்துக்கிட்டே பேசலாம். எப்படி அறுக்கறதுன்னு நீங்களும் பாத்துக்குங்க.

எலுமிச்சைப் புல்லுன்னு நீங்க சொல்றீங்க. டவுன்ல லெமன் கிராஸ்ங்கறாங்க. நம்ம பக்கம் வாசப்புல்லுன்னாத்தான் தெரியும். இதைத் தூரை ஒட்டி அறுக்கக் கூடாதுங்க. பூமியில இருந்து நாலு வெரக்கடை வுட்டு அறுக்கோணும், அப்பத்தான் மறுக்காத் தழையும். வெளிச்சுத்துல இருக்கற முத்துன தண்டா எடுங்க. நடுக் குருத்தைத் தொடவே கூடாது. பாத்து, பாத்து! அந்த நீட்டு எலைச் சோகையை அப்படி உருவாதீங்க, ஓரம் கத்தியாட்ட இருக்கும். என்ற கையைப் பாருங்க. மோட்டாருக்குச் செம்புக்கம்பிக் காயில் கட்டுன கை இது. கம்பி கிழிச்சதெல்லாம் என்னைக்கோ ஆறிப் போச்சு. கோடு கோடா இருக்கறதெல்லாம் இந்தப் புல்லு கிழிச்சதுதான்.

ஆமாங்க, மோட்டார் ரீவைண்டிங். உடுமலையில கடை. திருமூர்த்தின்னு கேட்டீங்கன்னா இந்தச் சுத்துவட்டாரத்துல பண்ணையம் பாக்கற எல்லாருக்கும் தெரியும். கெணத்து மோட்டார் எரிஞ்சு போச்சுன்னா என்கிட்டத்தான் தூக்கிட்டு வருவாங்க. இது தேறாதுன்னு ஒரு மோட்டாரை நான் திருப்பி அனுப்புனதில்லீங்க. காயிலைப் பிரிச்சு, புதுக்கம்பி சுத்தி, வார்னிஷ் ஊத்தி, ஓட வச்சுத்தான் குடுப்பேன். ஒரு சாமான் கெட்டுப் போச்சுன்னா கையைக் கட்டிட்டு நிக்க எனக்கு வராதுங்க. பொறந்ததுல இருந்தே அப்படி.

அதனாலதான் கடையிலேயே கெடந்துட்டேன். ஊட்டுக்காரி பேரு கனகமணி. கனகுன்னுதான் கூப்புடுவேன். அவ சொல்லுவா, "ஏனுங்க, ஒரு நாளைக்காச்சும் கடையைச் சாத்திப்போட்டு ஊட்டுல இருங்களேன்"ன்னு. இருந்து என்ன பண்ணறது? தண்ணியில்லாம ஒருத்தன் காடு காஞ்சு கெடக்கும், மோட்டாரைக் கொண்டு வந்து வச்சுட்டு வாசல்ல நிப்பான். அவனை வுட்டுட்டு ஊட்டுல வந்து உக்காந்துட்டு இருக்க முடியுமா? அவளுக்கு அது புரியாது. நல்லவதான். கொஞ்சம் வெளையாட்டுப் புத்தி. எதுக்கெடுத்தாலும் சிரிப்பா.

மாருல கட்டின்னு வந்துது. அறுத்து எடுத்தாங்க. நல்லாத்தான் இருந்தா. மசுரு கூட மறுக்கா மொளைச்சு, சுருட்டை சுருட்டையா, சின்னப் புள்ளையாட்ட இருந்தா. அப்பறம் பாத்தா ஈரல்ல வந்திருச்சுன்னாங்க. அன்னிக்குத்தான் அந்த டாக்டர் சொன்னாரு, பக்கத்துல இருங்கன்னு.

நான் வுடுவனா? போன்ல ஒரு வீடியோ வந்துதுங்க. நீங்களும் பாத்திருப்பீங்க. அதான, பாத்திருக்கீங்க. ஏதோ வெளிநாட்டுல ஒரு வெவசாயி இந்தப் புல்லை வளத்துறானாம், கரண்டு வெக்கற சீக்காளியெல்லாம் அங்க போயிக் குடிக்கறாங்களாம், கெட்ட அணுவெல்லாம் தன்னால சாகுதாம். டாக்டர்கிட்டக் கேட்டேன். "குடிச்சாக் குடிக்கட்டும், அதனால ஒண்ணும் ஆகாது"ன்னாரு. ஒண்ணும் ஆகாதுன்னா கெடுதல் இல்லைன்னுதானுங்களே அர்த்தம்? அப்ப நல்லதுன்னுதான அர்த்தம்?

அன்னிக்குப் பொழுதோடவே ஆனைமலைக்குப் போனேன். அங்க ஒருத்தர் தோப்புல வரப்பு நெடுக இந்தப் புல்லு நிக்கும். மோட்டார் மாட்டப் போனப்ப பாத்து வச்சது. வேரோட பிரிச்சு ஒரு மூட்டை குடுத்தாரு. கொண்டாந்து நடறதுக்கு இடம் வேணுமே. இதா இந்த இடந்தானுங்க, நீங்க நிக்கறது, இங்க அவ பூச்செடி வச்சிருந்தா. கனகாம்பரம், செவ்வந்தி, என்னென்னமோ. அதையெல்லாம் புடுங்கிப் போட்டுட்டு நட்டேன். இங்கதான் நல்ல வெயிலு, தண்ணியும் தேங்காது. தண்ணி தேங்குனா இந்தப் புல்லு அழுகிப் போயிருங்க, ஞாபகம் வச்சுக்குங்க. அவ ஜன்னலுக்கு அந்தப் பக்கம் கட்டல்ல படுத்துட்டுப் பாத்துட்டு இருந்தா. "செவ்வந்தி மொட்டு வச்சிருந்துச்சே"ன்னா. மொட்டு என்னத்துக்குங்க ஆகுது? உசுரு பெருசா, பூவு பெருசா? நான் அடுத்த தூரை எடுத்து நட்டேன்.

கடையைச் சாத்துனேன். ஆமாங்க, சாத்திட்டேன். அவளுக்காகத்தான். அவ கேட்டப்பவெல்லாம் சாத்தாத கடையைப் பூட்டுப் போட்டுட்டு வந்து புல்லுக்கு நின்னேன். மாசியில நட்டது, வெயில் காலத்துல என்ன பாடுன்னு நெனைக்கறீங்க. பைப்புல தண்ணி வராது. ரோட்டுக் குழாயில கொடம் கொடமாத் தூக்கிட்டு வந்து ஊத்துவேன். சோகையில செவப்பாத் துரு புடிச்ச மாதிரி புள்ளி வந்துது. ஒவ்வொரு சோகையாத் தொடைச்சு, கெட்டதைக் கிள்ளி எறிஞ்சு, சாம்பல் தூவி, வெடியால உக்காந்தன்னா மத்தியானம் ஆயிரும். வைகாசியில குப்புன்னு கெளம்புச்சுங்க. என்ற இடுப்பு ஒசரம். காத்தடிச்சா இந்தத் தெருவே மணக்கும்.

அப்பறம் பாருங்க, அடுப்பு அணையவே இல்லை. வெடியால வெறும் வயித்துல ஒரு டம்ளரு. அடித்தண்டு இருக்குது பாருங்க, வெள்ளையா, அதை அம்மியில வச்சு ஒரு தட்டுத் தட்டோணும், நசுக்கிப் போடக் கூடாது. சோகையை முடிச்சுப் போட்டு, தண்ணி கொதிச்சு எறக்குனப்பறம் போட்டு, வட்டலை வச்சு மூடிரோணும். போட்டுக் கொதிக்க வுட்டாக் கசந்து போயிரும். மத்தியானம் சாப்பாட்டுக்கு ரசத்துல போட்டேன். பொழுதோட இஞ்சி தட்டிப்போட்டு ஒரு டம்ளரு. குளிக்க வைக்கற தண்ணியில போட்டேன். நெலம் தொடைக்கற தண்ணியில போட்டேன். காஞ்ச சோகையைத் தலகாணிக்குள்ள அடைச்சு வச்சேன், மூச்சுல ஏறட்டும்னு. ஒரு எறும்பு வரலை, ஒரு கொசு வரலை, அப்படி வச்சிருந்தேன் ஊட்டை.

அவ குடிச்சாளான்னு கேக்கறீங்களா? குடிச்சா, குடிச்சா. டம்ளரைக் கையில குடுத்தா வாங்கிக்குவா. "வச்சுட்டுப் போங்க, ஆறட்டும்"பா. நான் அடுத்த வேலைக்கு வந்துருவேன். திரும்பிப் போனா டம்ளரு காலியா இருக்கும். சில நாளைக்கு வாந்தி எடுப்பா. அது உள்ள இருக்கற விஷம் வெளிய வர்றதுதானுங்க, அந்த வீடியோவுலயே சொல்லியிருக்கறான்.

ஒரு நாளைக்கு நான் சோகையை நறுக்கிட்டு இருந்தேன், கூப்பிட்டா. "ஏனுங்க, சித்த வந்து இங்க உக்காருங்களேன்." "அடுப்புல தண்ணி இருக்குது கனகு"ன்னேன். "எறக்கி வச்சுட்டு வாங்க." "எறக்குனா அதுல புல்லைப் போடோணும், போட்டு மூடோணும். நீ கண்ணை மூடிப் படுத்திரு. எல்லாம் உனக்குத்தான பண்ணறேன்"ன்னேன். "எனக்குத்தான்"ன்னா. அவ்வளவுதான். நல்ல பொம்பளைங்க. பிரிச்சுச் சொன்னாப் புரிஞ்சுக்குவா.

எங்களுக்கு ஒரே புள்ளை. சுகன்யான்னு பேரு. பல்லடத்துல கட்டிக் குடுத்திருக்குது. அம்மாவைப் பாத்துக்க வந்து இருந்துது. மாப்பிள்ளை வாரம் ஒருக்கா வந்துட்டுப் போவாரு. தங்கமான மனுசன், வாயே தெறக்க மாட்டாரு. அந்தப் புள்ளையை நம்பி ஒரு நாள் ஊட்டை வுட்டுட்டு உடுமலைக்குப் போனேனுங்க. வலிக்கு ஒட்டற பிளாஸ்திரி வாங்க. ஆவணி மாசம் அது. வாய்க்கால்ல தண்ணி வுட்டிருந்தாங்க.

திரும்பி வந்து பாக்கறேன்.

இருங்க தம்பி, சொல்றேன். இந்தத் தண்டைச் சித்தப் புடிச்சுக்குங்க.

பாக்கறேன், புல்லு இல்லீங்க. ஒரு தூரு இல்லை. குழி குழியாத் தோண்டிக் கெடக்குது, ஈர மண்ணு. மாப்பிள்ளை மம்மட்டியக் கழுவிட்டு இருக்கறாரு, என்னைப் பாத்ததும் தலையைக் குனிஞ்சுட்டாரு. எம்புள்ளை வாசப்படியில நிக்குது. மூஞ்செல்லாம் வேர்வை. "பாம்பு இருந்துச்சுப்பா. இத்தனாம் பெருசு. அம்மா ஜன்னல் வழியாப் பாத்துட்டு அலறிட்டாங்க. அதான் எல்லாத்தையும் எடுத்துட்டோம்"ங்குது.

"தூரெல்லாம் எங்கடி?"

"வாய்க்கால்ல வுட்டுட்டோம்ப்பா."

ஓடுனேனுங்க. வேட்டியை மடிச்சுக் கட்டிட்டு வாய்க்கால் கரையில மடை வரைக்கும் ஓடுனேன். தண்ணி பாஞ்சு போகுது. ஒரு சோகை கூடக் கண்ணுல சிக்கலை. கரையில உக்காந்து அழுதேன். என்ற அப்பன் செத்ததுக்குக் கூட அப்படி அழுகலை. கொளத்துக்கு மாடு ஓட்டிட்டுப் போனவங்கெல்லாம் நின்னு பாத்தாங்க.

சரி, பாம்புன்னா என்ன பண்ணறது? புள்ளை பயந்திருக்கும். வாசம் அடிக்கற புல்லுல பாம்பு வரும்னு ஊருக்குள்ள சொல்றதுதான். அன்னிக்கு நான் ஒண்ணும் திட்டலை. விடிஞ்சதும் ஆனைமலைக்குப் போயி மறுக்கா நாத்துக் கொண்டாந்தறலாம்னு நெனச்சேன். விடிஞ்சதும் சட்டையைப் போட்டுட்டுக் கெளம்புனா, கனகு கூப்பிடறா. "இன்னிக்கு வேண்டாமுங்க. நாளைக்குப் போலாம். இன்னிக்கு இருங்க"ங்கறா. சரி, பாம்பைப் பாத்துப் பயந்தவளாச்சே, ஒரு நாளைக்கு இருப்போம்னு இருந்தேன். மறுநாளும் அப்படியே. அதுக்கு மறுநாளும். காஞ்ச சோகையாச்சும் இருந்துச்சான்னா, அதையும் எலி கடிச்சுப் போச்சுன்னு எம்புள்ளை தூக்கி எறிஞ்சிருச்சு. அடுப்புல போட ஒண்ணும் இல்லை. அறுக்க இல்லை, தண்ணி ஊத்த இல்லை, உலத்த இல்லை.

அப்பறம் போன நாளெல்லாம் வீணாப் போன நாளுங்க தம்பி. ஒரு வேலை கெடையாது. சும்மா அவ பக்கத்துல உக்காந்துட்டு இருந்தேன்.

கட்டலைத் தூக்கிக் கொய்யா மரத்தடியில போடச் சொன்னா. போட்டேன். நகம் வெட்டி வுடுங்கன்னா. வெட்டி வுட்டேன். சந்தையில பொரி வாங்கிட்டு வரச் சொல்லி, புள்ளை வாங்கிட்டு வந்துது. அவளால முழுங்க முடியாது, ஒவ்வொண்ணா நாக்குல வச்சு ஊற வச்சுத் தின்னா. எனக்கு ஒரு கை குடுத்தா. ரெண்டு பேரும் பொரி தின்னுட்டு ரோட்டுல போற வண்டியைப் பாத்துட்டு இருந்தோம். கேட்டா ஆரும் நம்ப மாட்டாங்க, உசுருக்குப் போராடற நேரத்துல பொரி தின்னுட்டு இருந்தோம்.

ஒரு நாளைக்குக் கேக்கறா, "என்னைப் பொண்ணு பாக்க வந்தப்ப என்ன நெனச்சீங்க?"ன்னு. எனக்கு நெசத்தைச் சொல்லித்தான் பழக்கம். "உங்கூட்டு மோட்டார் சத்தம் சரியில்லை, பேரிங் போயிருச்சு, யாரும் பாக்காம வுட்டுட்டாங்களேன்னு நெனச்சுட்டு இருந்தேன்"ன்னேன். அவ சிரிச்சா பாருங்க! கட்டலே குலுங்குச்சு. இருமல் வந்துருச்சு, அப்பவும் சிரிக்கறா. "நான் காபித் தட்டத்தோட நிக்கறேன், இவரு மோட்டாருக்குக் காது குடுத்துட்டு நின்னிருக்கறாரு"ன்னு புள்ளையைக் கூப்பிட்டுக் கூப்பிட்டுச் சொல்றா. சொல்லிச் சொல்லிச் சிரிக்கறா. எனக்கும் சிரிப்பு வந்துருச்சு. சிரிச்சது நெசந்தானுங்க, நான் இல்லைங்கலை. ஆனாச் சிரிச்சாச் சீக்குப் போயிருமா?

அப்பறம் என்ற கையை எடுத்து வச்சுக்குவா. ஒவ்வொரு வெரலாப் புடிச்சு, புல்லு கிழிச்ச எடத்துல தேங்காண்ணெய் தடவி வுடுவா. "எப்படி அறுத்து வச்சிருக்குது பாருங்க"ம்பா. சீக்காளி அவ, எனக்கு வைத்தியம் பாத்துட்டு இருக்கறா. நானும் கையைக் குடுத்துட்டு உக்காந்திருந்தேனே, என்னைச் சொல்லோணும். வாந்தி கூட நின்னு போச்சு. ரெண்டு வாய் சோறு எறங்குச்சு. அதைப் பாத்து ஏமாந்துட்டேனுங்க. நல்லாயிட்டு வர்றா, புல்லு குடிச்ச குணம் இப்பத்தான் தெரியுது, இந்த நேரத்துல வுட்டுப் போச்சேன்னு உள்ளுக்குள்ள துடிச்சுட்டு இருந்தேன்.

கடைசியில ஒரு நாள் வெடியால முடிவு பண்ணிட்டேன். ஆரு என்ன சொன்னாலும் இன்னிக்கு ஆனைமலைக்குப் போறதுதான்னு. குளிச்சு, சட்டை போட்டு, பையை எடுத்துட்டேன். கட்டல்கிட்டப் போயி, "பொழுதோட வந்துருவேன் கனகு, கையோட நட்டுருவேன்"ன்னேன். கண்ணைத் தெறந்து பாத்தா. பேச்சுச் சரியா வரலை அன்னிக்கு. "சட்டையைக் கழட்டுங்க"ன்னா. "ஏனு?"ன்னேன். "கழட்டிட்டு உக்காருங்க." கெஞ்சற மாதிரி இல்லீங்க, அதட்டற மாதிரிச் சொன்னா. அவ என்னை அதட்டுனது அது ஒண்ணுதான். கழட்டிட்டு உக்காந்தேன். தலையைத் தூக்கி என்ற மடியில வச்சுக்கிட்டா. வெயில் ஏறிட்டு இருந்துது. அவங்க அண்ணன் ஊட்டு மோட்டாரைப் பத்திக் கேட்டா, இன்னும் அது ஓடுதான்னு. ஓடுது, நான்தான பேரிங் மாத்துனேன், எப்படி ஓடாம இருக்கும்னு சொல்லிட்டு இருந்தேன். சொல்லிட்டே இருக்கறேன், பதில் வரலை. குனிஞ்சு பாத்தேன்.

போயிட்டாளுங்க.

அன்னிக்கு நான் போயிருந்தேன்னா, தம்பி! ஆனைமலை என்ன அமெரிக்காவுலயா இருக்குது? போயிருந்தேன்னா நாத்து வந்திருக்கும். நாத்து வந்திருந்தா அவ இருந்திருப்பா. போக வுடாம உக்கார வச்சு, நானும் உக்காந்து, கண்ணு முன்னால வுட்டுட்டேன்.

சித்த உக்காருங்க, சோகையை இப்படி மடிச்சுக் கட்டித் தரேனுங்க, பஸ்ஸுல மத்தவங்களைக் கிழிச்சறாம. காசெல்லாம் எடுக்காதீங்க, நான் விக்கறதில்லை. வேரோட நாலு தூரும் போட்டுத் தரேன், உங்கூட்டுலயே நட்டுக்குங்க. வெயில் படற எடமாப் பாத்து நடுங்க. பூச்செடி இருந்தாலும் பாக்காதீங்க.

கருமாதி அன்னிக்கு நடந்ததையும் சொல்லிர்றேன். ஒறம்பரையெல்லாம் சாப்புட்டுட்டுக் கெளம்பிட்டு இருக்கறாங்க. நான் இந்தக் குழியைப் பாத்துட்டு நிக்கறேன். என்னமோ பொங்கிட்டு வந்துருச்சு. எம்புள்ளையைப் பாத்து, "ஒரு பாம்புக்குப் பயந்து உங்கம்மாளைக் கொன்னுட்டியே"ன்னு கத்திட்டேன். அவங்க மாமன், அதான் கனகு அண்ணன், வந்து என்ற தோளைப் புடிக்கறாரு. புள்ளை அழுகலை. நிமுந்து பாக்குது.

"பாம்பு இல்லப்பா"ங்குது.

"என்னது?"

"பாம்பெல்லாம் ஒண்ணும் இல்லை. அம்மாதான் எடுக்கச் சொன்னாங்க."

புள்ளை வுடலை, சொல்லிட்டே போகுது. "நீங்க குடுக்கற தண்ணியை அம்மா குடிக்கவே இல்லப்பா. அந்த வாசம் பட்டாலே கொமட்டிட்டு வரும். நீங்க அந்தப் பக்கம் போனதும் நான்தான் கொண்டு போயி ஊத்துவேன். வாந்தி வந்ததும் அதனாலதான். அப்பாகிட்டச் சொல்லட்டுமான்னு கேட்டேன். சொல்லாத, மனசு ஒடைஞ்சு போயிருவாருன்னாங்க. ஒரு நாள் என்னைக் கையெடுத்துக் கும்புட்டாங்கப்பா. பெத்த அம்மா. 'அம்மிணி, எனக்கு ஒண்ணும் வேண்டாம். இருக்கற வரைக்கும் உங்கப்பனை அந்தப் புல்லுகிட்ட இருந்து எனக்கு வாங்கிக் குடு'ன்னாங்க. அதான் பண்ணேன்."

எப்படிக் கதை பாத்தீங்களா! செத்தவ வந்து சாட்சி சொல்ல மாட்டாங்கற தைரியம். அப்படிப் பேசற பொம்பளையா அவ? அவளுக்குப் புல்லு வேண்டாம்னா என்கிட்டச் சொல்லியிருக்க மாட்டாளா? என்கிட்டச் சொல்றதுக்கு அவளுக்கு என்னங்க தடை? ஊட்டுலயேதான இருந்தேன், ஜன்னலுக்கு அந்தப் பக்கம், கூப்புடற தூரத்துல!

"வெளிய போ"ன்னுட்டேன். "என்ற ஊட்டு வாசப்படியை இனி மிதிக்காத"ன்னேன். அண்ணன் என்னென்னமோ சொல்லிப் பாத்தாரு, கேக்கலை. போயிருச்சு. மாப்பிள்ளை மட்டும் வர்றாரு. வந்து இப்ப நீங்க உக்காந்த சேர்லதான் உக்காருவாரு, ஒண்ணும் பேசமாட்டாரு. போன வாரம் வாயைத் தெறந்தாரு. "சுகன்யா முழுகாம இருக்கறா மாமா. உங்களைப் பாக்கோணும்னு அழுகறா"ன்னாரு. நான் எந்திரிச்சுப் போயி ஒரு கட்டுப் புல்லு அறுத்தாந்து குடுத்தேன். மாசமா இருக்கறவ இதைக் குடிக்கக் கூடாதுங்க, அது எனக்குத் தெரியும். கொசு அடிக்காம ரூமுல வெக்கறதுக்குத்தான். வேற என்ன குடுக்கறது நானு? அவரு அந்தக் கட்டை மடியில வச்சுட்டு ரொம்ப நேரம் உக்காந்திருந்தாரு. அப்பறம் எடுத்துட்டுப் போனாரு. பல்லடத்துக்கு நான் போலாந்தான். போயி என்ன பண்ணறது? புள்ளை எதுக்கால உக்காந்து அதையே மறுக்காச் சொல்லும். மறுக்கா ஒருக்கா என்னால அதைக் கேக்க முடியாதுங்க தம்பி. ராத்திரியெல்லாம் அந்தப் பேச்சுத்தான் காதுல கேக்குது. அவ கொரல்லயே கேக்குது. பொய்யின்னு தெரியுது, ஆனாலும் கேக்குது.

அதனாலதான் மறுக்கா நாத்துக் கொண்டாந்து இத்தனை நட்டிருக்கறேன். பின்னால வாய்க்கால் வரைக்கும் புல்லுதான். ஆரு வந்தாலும் இல்லைன்னு திரும்பிப் போகக் கூடாது. எத்தனையோ பேரு வந்து வாங்கிட்டுப் போயிருக்கறாங்க. போனவங்கள்ல ஒருத்தரு கூட நல்லாயிருச்சுன்னு திரும்பி வந்து சொல்லலை. நல்லாயிட்டாச் சனங்க எங்கீங்க திரும்பி வர்றாங்க?

ஏனுங்க தம்பி, எந்திரிச்சுட்டீங்க? மூஞ்சி ஏன் இப்படி ஆயிருச்சு? போன் கூட வரலையே. தலை சுத்துதா? இந்த வாசம் பழகாதவங்களுக்கு அப்படித்தான் இருக்கும். உடனே போவோணுமா? அடுத்த பஸ்ஸுக்கு நேரம் இருக்குதுங்க. மெயின் ரோட்டுல ஆட்டோ புடிச்சுப் போறீங்களா? எதுக்குங்க இத்தனை அவசரம், அந்தப் பக்கத்து ஊட்டு அம்மா பாத்துக்குவாங்கன்னீங்களே. இருங்க, கட்டி முடிச்சாச்சு, ஒரு முடிச்சுத்தான் பாக்கி. இந்தாங்க. தம்பி! இந்தாங்க, புல்லு!

வேண்டாமா? வேண்டாம்னா எப்படிங்க? இதுக்குத்தான இத்தனை தூரம் வந்தீங்க? ஏனுங்க, ஓடாதீங்க! வெறுங்கையோட போயி அவங்க பக்கத்துல என்னங்க பண்ணுவீங்க?